ஒன்பது படங்களும் ஐந்தாம் பக்கமும்

அன்று காலை பக்க வடிவமைப்பு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரிவுத் தலைவி இசக்கியம்மாள். அவரிடம் தொழில் கற்க வந்து ஏழு மாதமான ஞானதுரை. பார்சல் வேன் ஓட்டும் மரியசூசை. பிழை திருத்தும் நான்.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. பதினொன்றரைக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். அணையைத் திறந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் எந்தெந்தத் தெருக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று சொல்வதுதான் ஐந்தாம் பக்கம். மணி பத்து ஐம்பது.

ஞானதுரை பதினெட்டு வருடம் ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைத்தவர். காலி இடம் என்றாலே அவருக்கு ஆகாது. தெருக்களின் வரைபடத்தைச் சுற்றி அணை, படகு, மேகம், மழைத்துளி என்று நிரப்பியிருந்தார். எண்ணினேன். வரைபடத்தையும் சேர்த்து ஒன்பது படங்கள்.

"போதுமா அக்கா? இன்னொண்ணு வைக்கட்டுமா?"

இசக்கியம்மாள் பக்கத்தை அச்செடுத்து, வாசலில் நின்ற மரியசூசையிடம் நீட்டினார்.

"சூசை, உங்க வீடு எங்க?"

"செக்கடித் தெரு மேடம். வீட்டுல கைப்புள்ள இருக்கு. போகணுமா இருக்கலாமான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"இதுல பாத்துச் சொல்லுங்க."

சூசையின் விரல் அணையில் தொடங்கியது. படகுக்குப் போனது. மேகத்தில் நின்றது. வரைபடத்துக்கு வர நாற்பது வினாடி ஆனது.

"சிவப்புன்னா வெளியேறணும், பச்சைன்னா இருக்கலாம்னு போட்டிருக்கு. நம்ம தெருவுல சிவப்பைக் காணோம். அப்ப இருக்கலாம்." சூசை பெருமூச்சு விட்டார்.

ஞானதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஐயோ, அது சிவப்புண்ணே! கிளம்பணும்!"

"சிவப்பா? எங்க?"

ஐந்தாம் பக்கம் கறுப்பு மை மட்டும் ஓடும் பக்கம். திரையில் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்த தெருக்கள் தாளில் ஒரே சாம்பலாக இருந்தன.

"வீட்டுக்குப் போன் போடுங்க சூசை," என்றார் இசக்கியம்மாள். சூசை போனைக் காதில் வைத்தபடியே ஓடினார்.

ஞானதுரை திரைக்குத் திரும்பினார். வெளியேற வேண்டிய பதினாறு தெருக்களுக்கும் கறுப்பு அடித்தார். மற்றவற்றை வெள்ளையாக விட்டு, நிறக் குறிப்பையும் அப்படியே மாற்றினார். பிறகு, யாரும் சொல்லாமலே, அணையை எடுத்தார். படகை எடுத்தார். மேகத்தை எடுத்தார். மணி பதினொன்று இருபத்தாறு.

"சுத்தி இவ்வளவு வெள்ளையா கிடக்கே அக்கா. இந்த இடத்துல என்ன வைக்க?"

"அது சூசை விரல் நேரா வரைபடத்துக்குப் போற வழி."

ஞானதுரை பக்கத்தை அனுப்பினார். ஒன்பதில் மிஞ்சியது ஒன்று.