அரசரையே குற்றவாளியாக்கிய காந்தக்கல்

முன்னொரு காலத்தில் மகுடவர்மர் என்றொரு அரசர் இருந்தார். வழக்கு விசாரிப்பதென்றாலே அவருக்குக் கொட்டாவி வரும். ஒருநாள் அமைச்சர் விசயராயர், பட்டுநூலில் தொங்கும் நீண்ட கரிய கல் ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"அரசே, இது நீதிக்கல். குற்றவாளி இருக்கும் பக்கம் தானே திரும்பும்."

அரசர் துள்ளிக் குதித்தார். "இனி இந்தக் கல்தான் நீதிபதி!" என்று சொல்லி, இருந்த நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று அரசியின் தங்கச் சிலம்புகளில் ஒன்று காணாமல் போயிருந்தது. அரண்மனைப் பணியாளர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முன்பும் அமைச்சர் கல்லைப் பிடித்தார். பூட்டு செய்யும் செம்பாயியின் முன் வந்ததும் கல் வெடுக்கென்று அவள் இடுப்புப் பக்கம் திரும்பியது.

"இவளே திருடி! நாளை இவள் கையை வெட்டுங்கள்!" என்றார் அரசர்.

"நான் எடுக்கலீங்க மகாராசா!" என்று செம்பாயி கதறினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

சபையின் விகடகவி சாத்தன் எழுந்தான். கல்லைத் தூக்கி வரும்போது அது காவலனின் வேல்முனைப் பக்கமும் சாய்ந்ததை அவன் பார்த்திருந்தான். "அரசே, இந்தக் கல்லின் பேச்சை நம்ப வேண்டாம்."

சாத்தன்மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் சீறினார். "நீதியைக் கேலி செய்கிறான் பிரபு!"

"அப்படியா? சாத்தா, நாளை இந்தக் கல் பொய் சொல்வதை என் கண்ணெதிரே காட்டு. ஆனால் நீ கல்லைத் தொடக்கூடாது. காட்டாவிட்டால் அவள் கையோடு உன் நாக்கும் போகும்" என்றார் அரசர்.

சிறைக்குப் போகும் வழியில், கூடவே நடந்துவந்த சாத்தனிடம் செம்பாயி அழுதாள். "எனக்காக நீங்க ஏன் சாமி வம்புல மாட்டிக்கிறீங்க? ஊரை விட்டுப் போயிடுங்க."

"நாக்கு இருந்தும் பேசாம இருந்தா, அது எனக்கு எதுக்கும்மா? நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றான் சாத்தன்.

மறுநாள் சபை கூடியது. செம்பாயியையும் அழைத்துவந்தார்கள். சாத்தன் கேட்டான்: "அமைச்சரே, உங்கள் கல் குற்றவாளியைத்தானே காட்டும்?"

"அதில் என்ன சந்தேகம்?"

"அப்படியானால் அதை மண்டபத்தின் நடுவில் தொங்கவிடுங்கள். வேல்பிடித்த காவலர்கள் வெளியே போகட்டும். யாரும் கிட்டே வரவேண்டாம். கல் தானாகவே சொல்லட்டும்."

கல் சுழன்றது, ஆடியது, மெல்ல நின்றது. அதன் ஒரு முனை வடக்கே இருந்த சிம்மாசனத்தை நேராகக் காட்டியது. மறுமுனை காட்டிய தெற்கு வாசலில் ஆளே இல்லை. அமைச்சர் பதறிப்போய்க் கல்லைத் திருப்பிவிட்டார். அது மறுபடி அரசரையே காட்டியது.

சாத்தன் பணிவாகக் குனிந்தான். "அரசே, நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கையை நீட்டுங்கள்."

அரசரின் கண்கள் சிவந்தன. அமைச்சர் அவர் காலில் விழுந்தார். "பிரபு! அது வெறும் காந்தக்கல்! தடையில்லாமல் தொங்கவிட்டால் எப்போதும் வடக்கு தெற்காகத்தான் நிற்கும்!"

"அப்படியானால் செம்பாயி பக்கம் ஏன் திரும்பியது?" என்றார் அரசர்.

சாத்தன் செம்பாயியிடம் சொல்லி, இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தைக் கழற்றி வைக்கச் செய்தான். இப்போது அவள் அருகில் வந்தும் கல் அசையவில்லை. தரையில் கிடந்த சாவிக்கொத்தை அருகே கொண்டுபோனதும் பாய்ந்து திரும்பியது. அரசியின் மற்றொரு சிலம்பைக் காட்டினார்கள். கல் சும்மா இருந்தது.

"இரும்பைத்தான் இதற்குத் தெரியும் அரசே. தங்கம் திருடியவரைப் பிடிக்க வந்த கல்லுக்குத் தங்கமே தெரியவில்லை!"

அப்போது செம்பாயி நிமிர்ந்து சொன்னாள்: "களஞ்சியத்துக்குக் கள்ளச்சாவி செஞ்சு தரச் சொன்னாருங்க அமைச்சர். மாட்டேன்னுட்டேன். அந்தக் கோபந்தான்."

காவலர்கள் அமைச்சரின் மாளிகையைச் சோதித்தார்கள். சிலம்பு அங்கேயே கிடைத்தது. அமைச்சர் சிறைக்குப் போனார்.

"ஆக, கல் என்மேல் சொன்னதும் பொய்தானே?" என்றார் அரசர்.

"அது மட்டும் முழுப்பொய் இல்லை பிரபு. ஒரு வார்த்தை விசாரிக்காமல் கையை வெட்டச் சொன்னவர் யார்?"

அரசர் கல்லைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். செம்பாயியிடம் தன் தவறை ஒப்புக்கொண்டு, தன் முத்துமாலையைச் சாத்தனுக்கு அணிவித்தார்.

"கல்லை எடுத்துப் போய்விடட்டுமா?" என்றான் சாத்தன்.

"வேண்டாம், இங்கேயே தொங்கட்டும். நான் கொட்டாவி விடும்போதெல்லாம் அது என்னைக் காட்டிக்கொண்டிருக்கட்டும்" என்ற அரசர், நீதிபதிகளைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார்.