காலியாகக் கிடந்த மூன்று கட்டங்கள்

ஓசூரில் ஒரு மருந்து கம்பெனி. ஆய்வாளரின் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது! குளிர் அறைப் பதிவேட்டிலோ மூன்று நாள் வெப்பநிலை காலி.

"மூணு கட்டத்துலயும் நாலு டிகிரின்னு எழுது நாகவேணி! இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!" என்று குதித்தார் மேலாளர் ஜெயசீலன். குளிருக்குப் பயந்து அந்த அறையில் காலே வைக்காதவர்.

"எனக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியாதுங்க சார்" என்றாள் அறைப் பணியாளர் நாகவேணி.

சீறிக்கொண்டே அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஆய்வாளர் வந்தார், புரட்டினார். "இதை யார் பார்த்து எழுதினது?"

"நானேதான்! என் கண்ணால பார்த்தேன்!"

பொருள் வெளியே போய்த் திரும்பியதற்கான கேட் சீட்டை நாகவேணி நீட்டினாள். "சாருக்கு என்ன கண்ணுங்க! அந்த மூணு நாளும் தெர்மாமீட்டர் சோதனைக்காகச் சென்னையில இருந்துச்சு. ஓசூர்ல இருந்தே பார்த்துட்டாரு!"