வாகைமட்டத்துச் சங்கு

"தினமும் விடியறதுக்கு முன்னால யாரோ என்னை எழுப்பறாங்க," என்றார் வீரபத்திரன். "கண்ணைத் திறந்தா ஒருத்தரும் இல்ல. நெஞ்சு மட்டும் அடிச்சுக்குது. டாக்டருங்க ஒண்ணுமில்லைங்கறாங்க. எனக்கு ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கி எழணும். வழி சொல்லுங்க."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தவமணி கேட்டாள்.

"யாருங்க வந்திருக்கறது?"

"பொறி வீரபத்திரன்."

"அவர் வரட்டும். வந்த பிறகு பேசலாம்."

கதவு திறக்கவில்லை.

மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தகரக் கொட்டகையைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். தவமணி காவி கட்டவில்லை. உண்டியல் வைக்கவில்லை. உண்டியல் இல்லாத ஒரு சாமியார் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வீரபத்திரனும் வந்தார். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார். அவர் கடவுளைக் கும்பிடாதவர். மனிதர்களையும் கும்பிட்டதில்லை.

'பொறி' என்பது அவர் கைக்காசு போட்டு அச்சடித்து வீதிவீதியாகக் கொடுத்த துண்டறிக்கையின் பெயர். அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வழக்குப் போட்ட போலீஸ்காரர்கள்கூட அதைச் சேர்த்துத்தான் எழுதினார்கள்.

மறுநாளும் போனார்.

"யாருங்க?"

"பொறி வீரபத்திரன். நேத்தே சொன்னேனே."

"நேத்தும் அவர் வரலைங்க."

மூன்றாம் முறை குரலை உயர்த்தினார்.

"இந்தப் பேரைக் கேட்டு மந்திரி வண்டியே பாதி வழியில திரும்பிப் போயிருக்கு, அம்மா. நீங்க என்னடான்னா கதவைக்கூடத் திறக்க மாட்டேங்கறீங்க."

கதவு திறந்தது. அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயது அவளுக்கு. கையில் கஞ்சித் தூக்கு.

"அந்தப் பேரை எங்க வாங்கினீங்க?"

"மேல, வாகைமட்டத்துல."

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்."

"அங்க என்ன இருக்கு இப்போ?"

"நீங்கதான் சொல்லணும்."

ஏறினார்கள்.

வாகைமட்டம் மரம் வெட்டுவதற்காகவே கட்டிய ஊர். மரம் இருந்தவரை கம்பெனி இருந்தது. மரம் தீர்ந்ததும் கம்பெனி வேறு மலைக்குப் போனது. ஊர் எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை.

வீரபத்திரன் இடிந்த ஊரைப் பார்க்கத் தயாராகத்தான் வந்திருந்தார். ஊரே இல்லை.

தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடத்தில் மூங்கில். ரேஷன் கடைக்கு மூன்று படிகள் மட்டும் மிச்சம். படியேறினால் காடு. ஆளுயர வட்ட அறுப்புவாள் ஒன்று செடிகளுக்கு நடுவே நின்றது. அதன் நடுத்துளை வழியாக ஒரு வேங்கை மரம் முளைத்துப் பருத்து, இரும்பை ஒரு பக்கமாகப் பிளந்திருந்தது. எத்தனை ஆயிரம் மரத்தை அறுத்த வாள்.

அவர் அதைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. மில்லு இங்கதான் இருந்தது."

எங்கோ ஒரு பூனை கத்தியது.

"காட்டுக்குள்ள பூனையா?"

"கரிச்சான் குருவிங்க. காதுல விழறதையெல்லாம் அப்படியே பேசும்."

"எங்க கட்சியில சேர்ந்திருந்தா பெரிய ஆளா வந்திருக்கும்," என்றார். தவமணி சிரித்தாள். அவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பாறையில் உட்கார்ந்தார்கள். அவள் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் பேச ஆரம்பித்தார். மேடையில் எத்தனையோ முறை பேசியதுதான்.

"இங்க மில்லுச் சங்கு ஒண்ணு இருந்தது. விடியறதுக்கு முன்னால ஊதும். ஊதினா குடிக்கற கஞ்சியைப் பாதியில வச்சுட்டு ஓடணும். பால் குடிக்கற குழந்தையைப் பிடுங்கிப் போட்டுட்டுப் பொம்பளைங்க ஓடுவாங்க. அதோ, அந்த ரெண்டு கல்தூண்தான் கேட்டு. அங்க வரிசையில நின்னு கையை நீட்டணும். மேஸ்திரி உள்ளங்கையில பித்தளை வில்லை ஒண்ணு வைப்பான். அவனவன் நம்பர் அதுல இருக்கும். பிந்தினவனுக்கு வில்லை இல்ல, கூலி இல்ல."

"அப்புறம்?"

"வேலைநிறுத்தம் பண்ணினோம். கடைசி நாள் நான்தான் மில்லுக் கூரை மேல ஏறினேன். சம்மட்டியால சங்கை அடிச்சு நொறுக்கிப் பள்ளத்துல தள்ளினேன். அடுத்த நாள் துண்டறிக்கை போட்டேன். அதுதான் முதல் 'பொறி'."

கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"அன்னையிலிருந்து எவன் கூப்பிட்டும் இந்த வீரபத்திரன் ஓடினது கிடையாது. நானா போனாத்தான் உண்டு."

அப்போது சங்கு ஊதியது.

அதே சங்கு. அடியில் கரகரத்து, மேலே ஏறி, ஒரு விநாடி நின்று, இழுத்துக்கொண்டே அடங்கும் அதே ஊதல்.

அடுத்து என்ன நடந்ததென்று வீரபத்திரனுக்குத் தெரியாது. தெரிந்தபோது அவர் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே நின்றிருந்தார். மூச்சு இரைத்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேல்நோக்கி.

எதிரே உண்ணிச்செடிப் புதர். அதற்கு மேல் ஒரு கிளை. கிளையில் ஒரு கறுப்புக் குருவி, வாலில் இரண்டு நீளக் கம்பிகள் தொங்க. அது வாயைத் திறந்து இன்னொரு முறை ஊதியது.

"நான் உடைச்சேன்," என்றார் வீரபத்திரன். குரல் அவருடையது போல இல்லை. "என் கையால உடைச்சேன்."

"உடைச்சீங்க," என்றாள் தவமணி, பின்னால் வந்து.

"இந்தக் குருவி அப்போ பிறந்தே இருக்காதே."

"அதோட ஆத்தாகிட்டக் கேட்டிருக்கும். அது அதோட ஆத்தாகிட்ட."

அவர் நீட்டிய கையை மடக்கப் பார்த்தார். எத்தனை மேடையில் முஷ்டியாக உயர்ந்த கை. விரல்கள் மடங்கவில்லை.

நெஞ்சு அடித்துக்கொண்டது. தினமும் விடியுமுன் அடிப்பது போலவே.

தவமணி குனிந்து, வழியில் கழன்று கிடந்த செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றாள். மேஸ்திரி நிற்கும் இடம் அது.

"யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டாள்.

அவர் வாய் திறந்தது.

"நூத்தி அறுபத்தி மூணு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

குருவி பறந்துவிட்டது. கிளை மட்டும் ஆடியது.

"வந்துட்டீங்களா," என்றாள் தவமணி. "வந்து உட்காருங்க. கஞ்சி பாதியில இருக்குது."