முந்தியில் முடிந்த ஊர்

அந்தக் காலத்தில் ஒரு பெயருக்கு ஒரே ஊர்தான். ஒரே ஒரு நல்லூர், ஒரே ஒரு புதூர். இன்றைக்கு மாதிரி திரும்பிய பக்கமெல்லாம் புதூர் கிடையாது. பறவைகள் வாய்விட்டுப் பேசிய காலம் அது. வழிநெடுக ஆள்காட்டிக் குருவிகள் காவல் இருந்தன. யார் வந்தாலும் "எந்த ஊருக்கு? எந்த ஊருக்கு?" என்று கேட்கும். பெயரைச் சொன்னால் அலகை நீட்டித் திசை காட்டிவிடும். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! அதைக் கெடுத்தவள் ஒருத்தி. கெடுத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நொச்சிக்குளம் என்று ஓர் ஊர். மூன்று வருஷமாகக் குளம் பெருகவில்லை. பாதிச் சனம் இருக்கட்டும், பாதிச் சனம் மேற்கே மலையடிவாரம் போய்ப் பிழைக்கட்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. போகிறவர்களில் பேராச்சி ஒருத்தி. தாய் தகப்பன் இல்லாதவள். கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி, உலகம்மை. அவளைத் தூரத்தில் உப்பளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே யாரும் அவளை உலகம்மை என்று கூப்பிடுவதில்லை. வாக்கப்பட்டு வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? "ஏ நொச்சிக்குளத்தா!" என்றால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு இப்போது தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் புருஷன் வண்டி கட்டி அக்கா வீட்டில் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

இங்கேதான் சிக்கல். ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஊர்ப்பெயரை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. குளத்துக்குள் இறங்கி, பெயரை மூன்று தரம் சொல்லி, சேலை முந்தியையோ தோள்துண்டையோ உதறிவிட்டுக் கரையேற வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயர் நாக்கில் வராது.

பேராச்சி ஊர்த்தலைவர் முன்னால் போய் நின்றாள். அம்பலம் என்று அவரைச் சொல்வார்கள்.

"பெரியய்யா, பேரை மட்டும் நானும் கொண்டுபோறேனே. எந் தங்கச்சி நெறமாசக்காரி. நொச்சிக்குளம்னு கேட்டுத்தான் வருவா. இங்க வந்து பூட்டுன வீட்டு முன்னால நின்னா அவளுக்கு யாரு இருக்கா?"

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? ஒரே பேரு ரெண்டு எடத்துல எப்படி இருக்கும்? ஆளனுப்பிச் சொல்லிக்க."

"போற எடமே தெரியல. எந்த எடம்னு சொல்லி அனுப்ப?"

"மேக்க போயிருக்கான்னு நாங்க சொல்லுவோம்."

"மேக்கன்னா மேக்க எங்க? காடு காடா வயித்தைத் தூக்கிக்கிட்டுத் திரிவாளா அவ?"

அம்பலம், கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிள்ளை பெறப்போவது அவரில்லையே.

மறுநாள் காலையில் எல்லாரும் குளத்துக்குள் இறங்கினார்கள். வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்துப் பேராச்சி இரண்டு தரம் "நொச்சிக்குளம்" என்றாள். மூன்றாம் தரம் முந்தி நுனியை வாயருகே கொண்டுபோய் அதற்குள் சொன்னாள். சொல்லிவிட்டு, சில்லறை முடிகிற மாதிரி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. அவரவர் அழுகை அவரவர்க்கு.

ஆறு நாள் நடந்தார்கள். மலையடிவாரம் நெருங்க நெருங்கப் பகலெல்லாம் மூடுபனி. முன்னால் போகிறவர் முதுகு தெரியும், கால் தெரியாது. நாம எந்த ஊருக்காரங்க என்று ஒருவரையொருவர் கேட்டு, பதில் தெரியாமல் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். பேராச்சியின் இடுப்பில் மட்டும் முடிச்சு வெதுவெதுவென்று இருந்தது. காதில் வைத்தால் குளத்துத் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் கேட்டது. நொச்சி வாசம் வந்தது. பயமாகவும் இருந்தது அவளுக்கு. திருட்டுத்தானே அது!

ஓடைக்கரை ஒன்றில் மூட்டையை இறக்கினார்கள். ஆள்காட்டி பறந்து வந்தது.

"எந்த ஊர்? எந்த ஊர்?"

ஒருத்தர் நாக்கிலும் பெயர் வரவில்லை. பேராச்சி முடிச்சை அவிழ்த்தாள். "நொச்சிக்குளம்" என்றாள்.

அங்கே நொச்சியும் இல்லை, குளமும் இல்லை. குருவி திகைத்துப் போயிற்று. "அது கிழக்கேல்லா இருக்கு?"

"அதுவும் நொச்சிக்குளம். இதுவும் நொச்சிக்குளம். எந் தங்கச்சி கேட்டு வந்தா, அக்கா இங்க இருக்கான்னு சொல்லு."

பெயர் காதில் விழுந்ததும் அத்தனை பேருக்கும் நினைவு திரும்பி, ஓவென்று அழுதார்கள். சந்தோஷ அழுகைதான். குருவி அடுத்த குருவிக்குக் கூவிச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் சேதி கடற்கரை வரைக்கும் போய்விட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உலகம்மையின் வண்டி ஒரு முச்சந்திக்கு வந்தது.

"எந்த ஊருக்கு?"

"நொச்சிக்குளத்துக்கு" என்றான் புருஷன்காரன்.

குருவி வடக்கே அலகை நீட்டியது. உடனே மேற்கே நீட்டியது. எழும்பி வண்டிக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தது. உலகம் தோன்றிய நாளாக ஒரு குருவியும் கேட்காத கேள்வியைக் கேட்டது.

"எந்த நொச்சிக்குளம்?"

"இதென்ன கூத்து! நொச்சிக்குளம்னா நொச்சிக்குளம்தான்" என்று அவன் கத்தினான்.

வண்டிக் குலுக்கலில் உலகம்மைக்கு இடுப்பு லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது. வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு வடக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது.

"எங்க அக்கா இருக்குற நொச்சிக்குளம்" என்றாள்.

குருவி மேற்கே காட்டியது.

பாதி வேய்ந்த குடிசையில், அக்காள் மடியில் தலைவைத்து, அவள் பெண் பிள்ளை பெற்றாள். அம்பலம் கேள்விப்பட்டுக் குதித்தார். குதித்து என்ன? அதற்குள் ஊரைவிட்டுப் போகிற பெண்களெல்லாம் முந்தியில் பெயரை முடியப் பழகிவிட்டார்கள்.

அன்று முதல்தான் ஒரே பெயரில் இத்தனை ஊர்கள். அன்று முதல்தான், "எந்த நல்லூர்?" என்று யாராவது கேட்டால், திசையைச் சொல்லாமல் அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறோம்.