பால்பண்ணை வளைவு

பால்பண்ணை நிலையத்தில், நடைமேடையின் கோடியில் உட்கார்ந்து சூசையம்மாள் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இளம்பரிதி இரண்டு காகிதங்களோடு வந்து எதிரே நின்றான்.

தண்டவாளம் பராமரிக்கும் பன்னிரண்டு பேருக்கு அவர் மேட், வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி. அவன் இளநிலைப் பொறியாளர். பதவியில் அவன்தான் மேலே. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில், எது புரியாவிட்டாலும் அவன் வந்து நிற்கும் இடம் இதுதான்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"இறங்கலைக்கா."

"காயிதத்தைப் பார்த்தாலே தெரியுது."

முதல் காகிதத்தை விரித்தான். பால்பண்ணை வளைவில் பழைய தண்டவாளத்தை மாற்றிய பிறகு சோதனை வண்டி ஓட்டி எடுத்த பதிவு. முன்பு எகிறிக் குதித்த கோடு இப்போது நேராக ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு."

இரண்டாவதை விரித்தான். பயணிகளின் புகார்கள். மாற்றுவதற்கு முந்தைய மாதம் ஒன்பது. மாற்றிய பிறகு நாற்பத்தொன்று.

சூசையம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அதே வளைவா?"

"அதேதான்க்கா. தூக்கித் தள்ளுதாம். ஒரு அம்மாவுக்கு முட்டி பேந்துபோச்சு. நாலு மணிக்குள்ள அறிக்கை கொடுக்கணும். மேம்பட்டதா, மேம்படவில்லையான்னு."

"மேம்படலைன்னு எழுதினா?"

"மறுபடி தோண்டணும். உங்க பன்னிரண்டு பேருக்கும் மெமோ வரும்."

"மேம்பட்டுச்சுன்னு எழுதினா?"

"அது தப்பா இருந்து, நாளைக்கு வாசல்ல நிக்கிற யாராவது விழுந்துட்டா? கையெழுத்து என்னோடது."

"மெஷின் தப்பு பண்ணுமா சார்?"

"பண்ணாதுன்னுதான் நினைச்சேன். ஆனா போன வாரம் நானே வண்டியில போய்ப் பார்த்தேன்க்கா. எனக்கும் தள்ளுச்சு."

சூசையம்மாள் டப்பாவை மூடினார்.

"எங்க வேலை நல்லாயிருக்குன்னு நான் சொன்னா எடுபடாது. வாங்க, ஏறுங்க."

முந்தைய நிலையம்வரை போய், அங்கிருந்து திரும்புகிற வண்டியில் ஏறினார்கள். உட்கார இடமில்லை. சூசையம்மாள் அவனுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கித் தரையில், இருவர் கால்களுக்கும் நடுவே நிறுத்தினார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது.

"கம்பியைப் பிடிக்காதீங்க சார்."

வளைவுக்குச் சற்று முன்னால் நிற்கும் வேப்பமரம் கடந்தது. பெட்டியில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கைகள் மேலே போய்க் கம்பியைப் பிடித்தன. தரையில் இருந்த பைகள் கால்களுக்கிடையே போயின. இளம்பரிதி கல்லூரிக்கு நான்கு ஆண்டுகள் இதே வண்டியில் நின்றபடி போனவன். அவன் கையும் எழுந்தது. நினைவு வந்து இறக்கிக்கொண்டான்.

வளைவு வந்தது. இளம்பரிதி தடுமாறி, பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற பெரியவர் மேல் விழுந்தான்.

"ஏம்ப்பா, காயை ஒடைச்சு இங்கேயே சாம்பார் வைக்கப் போறியா?"

"வண்டி தள்ளிடுச்சுங்கய்யா."

"தள்ளாம? புதுசா போட்டாங்களாம், புதுசு! எவன் போட்டானோ, முன்னைக்கு இப்ப மோசம்."

"நாங்கதான் போட்டோம்," என்றார் சூசையம்மாள். "முன்னாடி எந்தப் பக்கம் தள்ளும்ங்கய்யா?"

பெரியவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "கால்வாய்ப் பக்கம்மா. இருபது வருஷமா அதே பக்கம்தான். வேப்பமரம் வந்ததும் நாங்க எதிர்ப்பக்கம், மில்லு இருக்கிற பக்கம் சாஞ்சுக்குவோம். பழகினவங்க யாரும் விழ மாட்டோம்."

"இப்ப எந்தப் பக்கம் தள்ளுது?"

"இப்ப மில்லுப் பக்கம்..."

பெரியவர் பாதியில் நிறுத்தினார். கட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என்னமோ போங்க. தள்ளுது."

தண்ணீர் பாட்டில் வைத்த இடத்திலேயே நின்றது.

பால்பண்ணையில் இறங்கினார்கள். வண்டி போன பிறகும் இளம்பரிதி நடக்கவில்லை.

"அப்போ புகார் எல்லாம் பொய்யாக்கா?"

"அந்த அம்மா முட்டியில ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. போட்டோ இருக்கு."

"அப்புறம் எப்படிப் பொய்யாகும்?"

"அப்போ மெஷின் பொய்யா?"

சூசையம்மாள் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

"ரெண்டும் நிஜம்னா நான் எதைத்தான் எழுதுறது?" அவன் இரண்டு காகிதங்களையும் நீட்டினான். "மேம்பட்டதுன்னு எழுதினா, அந்த அம்மாகிட்ட நீ விழவே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு. மேம்படலைன்னு எழுதினா உங்களுக்கு மெமோ. மணி மூணே கால் ஆச்சுக்கா."

"சார், நீங்க எந்தப் பக்கம் விழுந்தீங்க?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். எதிரே கால்வாயைப் பார்த்தான். பெரியவர் நின்ற இடத்தை நினைத்துப் பார்த்தான்.

"மில்லுப் பக்கம்."

"போன வாரம்?"

அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். "அன்னிக்கும் அதே பக்கம்தான். பழைய பழக்கத்துல நானேதான் சாஞ்சிருக்கேன்க்கா."

"அதை எழுதுங்க."

"நான் விழுந்ததையா? சோதிக்கப் போனவனே விழுந்தான்னு அறிக்கையிலயா? ஆபீஸ்ல சிரிப்பாங்கக்கா."

"முதல்ல அதை எழுதுங்க சார்," என்றார் சூசையம்மாள். "அந்த நாப்பத்தொரு பேரைப் பத்தி அதுக்கப்புறம் எழுதலாம்."