அணில் தொலைத்த சிமிழ்

ஒரு காட்டில் ஒரு குளம். குளக்கரையில் தேக்கங்கன்றுகள். ஒரு கரடியும் ஒரு கீரியும் காலையிலிருந்து அந்தக் கன்றுகளைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"இங்கே இல்லை!" என்றது கரடி.

"இங்கேயும் இல்லை அண்ணே!" என்றது கீரி.

பக்கத்து நாவல் மரத்தில் உட்கார்ந்து ஓர் அணில் சிரித்துக்கொண்டிருந்தது.

அவை தேடியது இரை இல்லை. ஒரு சிமிழ். புளியங்கொட்டை அளவில் ஒரு நத்தை ஓடு. வாயைத் தேன்மெழுகால் அடைத்திருக்கும். உள்ளே சுருட்டிய மரப்பட்டை. ஒருவர் அதை ஒளித்துவைத்து ஒரே ஒரு குறிப்புச் சொல்லுவார். மற்றவர்கள் தேடுவார்கள். கண்டுபிடித்தவர் பட்டையில் ஒரு கீறல் போட்டுவிட்டு, சிமிழை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட வேண்டும். எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் அதுதான் ஆட்டம்.

மழை வரும்வரை யாரும் கண்டுபிடிக்காவிட்டால் ஒளித்தவர்தான் அந்த வருஷ ராஜா. ஆனால், ஒளித்தவரே சிமிழைத் தொலைத்துவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். தொலைத்தவர் அப்புறம் ஒளிக்கவே கூடாது. அதைவிடப் பெரிய அவமானம் அங்கே கிடையாது.

அணிலுக்கு அந்தப் பயமே இல்லை. ஒளிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இந்த முறை அது சொன்ன குறிப்பு இதுதான்: "குளக்கரைத் தேக்கங்கன்று. வெயில் படாத பக்கம்."

கரடி நிழலில் கிடந்த கல்லையெல்லாம் புரட்டியது. தேள் கொட்டியதுதான் மிச்சம்.

"டேய் அணிலே! ஒளிச்சியா, தின்னுட்டியா?"

"நத்தை ஓட்டை யார் அண்ணே தின்பாங்க? நல்லாத் தேடுங்க! மேகம் கறுக்குது பாருங்க!"

அப்போது ஒரு தையல்சிட்டு வந்து அணிலின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தம்பி, உன் சிமிழ் என்கிட்டே இருக்கு."

"என்ன! கண்டுபிடிச்சிட்டீங்களா, அக்கா?"

"மெதுவாப் பேசு! இலைக்கு அடிப்பக்கம் பிசின் வச்சு ஒட்டியிருந்தே, இல்லையா? ஏதோ பூச்சிக்கூடுன்னு விட்டுட்டேன். அந்த இலையைத்தான் மடிச்சுத் தைச்சுக் கூடு கட்டினேன். அப்புறம்தான் அது சிமிழுன்னு தெரிஞ்சுது. கொத்திப் பார்த்தேன், வரலை. இழுத்துப் பார்த்தேன், வரலை. அப்படி ஒரு பிசின்! மேலே பஞ்சைப் பரப்பிட்டேன். இப்போ அந்தப் பஞ்சு மேலே மூணு முட்டை கிடக்கு."

அணிலுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிசினைப் பற்றி.

"அப்படின்னா யாராலும் கண்டுபிடிக்க முடியாது! நான்தான் ராஜா!" என்று குதித்தது.

கீழே கீரி கத்தியது. "அண்ணே! நாம ரெண்டு பேரும் மடையங்க! வெயில் படாத பக்கம்னா கன்னுக்குக் கீழே இல்லை. இலைக்கு அடிப்பக்கம்!"

"அட, ஆமாம்! ஒவ்வொரு இலையாத் திருப்பு!"

கரடிக்குத் திருப்பத் தெரியாது. முறிக்கத்தான் தெரியும். முதல் கன்று சடசடவென்று சாய்ந்தது.

"தம்பி, ஏதாவது செய்!" என்றது தையல்சிட்டு.

"கூடு இருக்குன்னு சொல்லிடறேன். கரடி அண்ணன் நல்லவர். விட்டுடுவார்."

"கரடி விடும். கீரி விடுமா?"

கீரிக்கு முட்டை என்றால் உயிர்.

வேறு பக்கம் கைகாட்டலாமா? போவார்கள். கிடைக்காது. திரும்பி வருவார்கள். முட்டை பொரிய இன்னும் நாள் இருக்கிறது. அணில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டது. ஒரே வழிதான் மிஞ்சியது. அது அதற்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டாவது கன்றும் சாய்ந்தது. அடுத்தது கூடு இருந்த கன்று. கரடி அதன்மேல் கையை வைத்தது.

"நிறுத்துங்க!" அணில் மரத்திலிருந்து குதித்து ஓடி வந்தது. "சிமிழ் இங்கே இல்லை."

"பின்னே எங்கே?"

"தெரியாது. தொலைச்சிட்டேன்."

கரடியின் கை அப்படியே நின்றது. கீரி வாயைப் பிளந்தது.

"நீயா? தொலைச்சியா?"

"பிசின் சரியா ஒட்டலை. காத்துல விழுந்து எங்கேயோ போயிடுச்சு. நானும் தேடிப் பார்த்துட்டேன். ஆட்டம் கலைஞ்சுது. நான் தோத்துட்டேன்."

பிசின் ஒட்டவில்லை என்று சொன்னதுதான் அதற்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"புதைச்ச கொட்டையையே மறக்கிற பயல்தானே!" என்று கீரி உருண்டு உருண்டு சிரித்தது.

கரடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அந்த வாலை என்ன தூக்குத் தூக்கினே! இனிமே அதை வச்சுக் குளக்கரையைப் பெருக்கு, போ!"

இரண்டும் போய்விட்டன. செய்தி காடு முழுக்கப் பரவியது. மைனாக் குஞ்சுகூட அணிலைக் கண்டால், "பெருக்கியாச்சா?" என்று கேட்டது. தையல்சிட்டு மட்டும் தினமும் ஒரு தடவை நாவல் மரத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அடுத்த ஆட்டத்தில் கரடி ஒளித்தது. அது ஒளித்த லட்சணம் அடுத்த கரையிலிருந்தே தெரிந்தது. அணில் போய் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்தது.

முட்டை பொரிந்தது. குஞ்சுகள் பறந்தன. மழை வந்தது, போனது. தைத்த இலை காய்ந்து உதிர்ந்தது.

ஒருநாள் கரடி குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. ஒரு சருகு காலில் ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தது. போகவில்லை. எடுத்துப் பார்த்தது. ஓரமெல்லாம் தையல். உள்ளே பழைய பஞ்சு, முட்டை ஓட்டுத் துணுக்கு. பஞ்சுக்கு அடியில் ஒரு நத்தை ஓடு, கல்லில் செதுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு இருந்தது.

கரடிக்கு எதுவும் சட்டென்று புரியாது. ஆனால் இது புரிந்தது. அன்றைக்குத் தன் கை எந்தக் கன்றின் மேல் இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

சருகை எடுத்த இடத்திலேயே வைத்தது. நேரே நாவல் மரத்தடிக்குப் போனது.

"அணிலே, கீழே வா."

"என்ன அண்ணே? பெருக்கணுமா?"

"உன் பிசின் நல்லாத்தான்டா ஒட்டியிருக்கு."

அணில் இறங்கி வந்து சுற்றிலும் ஒரு தடவை பார்த்தது. அப்புறம், "கீரிகிட்டே சொல்லிடாதீங்க அண்ணே. அக்கா மறுபடியும் அங்கேதான் கூடு கட்டுவாங்க" என்றது.

கரடி தலையாட்டியது. தன் சிமிழை எடுத்து அணிலின் முன்னால் வைத்தது.

"அடுத்த ஆட்டம் நீ ஒளி."

"தொலைச்சவன் ஒளிக்கக் கூடாதே! யாராவது கேட்டால்?"

"கேட்கிறவனை என்கிட்டே வரச் சொல்லு."

யாரும் போகவில்லை.

அடுத்தவர் கூடு பிழைப்பதற்காகத் தன் பெயர் கெடச் சம்மதிப்பவனே பெரியவன்.