இருந்து வருகிறேன்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் கம்பெனி மாடியில் சுபைதா ஆங்கில வகுப்பு நடத்தினாள். வெளிநாடு போகும் நர்சுகள் வருவார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் காஸ்பர். சுபைதாவின் அப்பா வயது இருக்கும். ஆனாலும் அவள் உள்ளே வந்ததும் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவர். நடுக்கடலில் ஒரு நாள் குடித்துவிட்டு, அடுப்பில் எண்ணெயை வைத்தபடி தூங்கிப்போனார். தீ மேலே ஏறுவதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டார்கள்.

கரைக்கு வந்து குடியை விட்டார். ஒரு வருஷம் ஆயிற்று. பழைய கேப்டனே இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். வீடியோவில் நேர்காணல். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில்.

ஒத்திகைக்கு சுபைதா கேப்டனாக உட்கார்ந்தாள்.

“டூ யூ டிரிங்க், மிஸ்டர் காஸ்பர்?”

“நோ சார். ஐ ஸ்டாப்டு டிரிங்கிங்.”

“இலக்கணம் சரி. ஆனா இப்படிச் சொல்லிப் பாருங்க. ஐ ஹேவ் பீன் ஸ்டேயிங் அவே ஃபிரம் டிரிங்க்.”

காஸ்பருக்கு அந்த ‘ஹேவ் பீன்’ மட்டும் நாக்கில் நிற்பதே இல்லை.

“செஞ்சேன், செய்றேன், செய்வேன். இந்த மூணு போதாதா டீச்சர்? நடுவுல இது எதுக்கு?”

“பேப்பர்ல எழுதுவாங்கல்ல, ‘இன்னார் இந்த ஊரில் வசித்து வருகிறார்’னு. அதுதான் இது. எப்பவோ ஆரம்பிச்சது, இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.”

“நான்தான் நிறுத்திட்டேனே. அது முடிஞ்ச விஷயம்லா?”

“முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?”

“முடிஞ்சே போச்சு,” என்று சிரித்தார் காஸ்பர்.

சுபைதா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காஸ்பரின் தங்கை மகனுக்குக் கல்யாணம். பந்தி முடிந்த பிறகு மண்டபத்துக்குப் பின்னால் மச்சான்மார் ஒரு கிளாஸை நீட்டினார்கள். நிறுத்தியாச்சே, இனி ஒரு கிளாஸ் என்ன செய்துவிடும் என்று வாங்கினார். திங்களும் குடித்தார். செவ்வாயும் குடித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். சுபைதா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் டீச்சர். இனி வரல.”

“உள்ளே வாங்க.”

“எல்லாம் போச்சு. ஒரு வருஷம் மொத்தமும் போச்சு. மக முகத்தைப் பாக்க முடியல.”

சுபைதா சாக்பீஸை நீட்டினாள்.

“கேப்டன்கிட்ட என்ன சொல்றதா இருந்தீங்களோ, அதை எழுதுங்க.”

“இப்ப எதுக்கு டீச்சர்?”

“எழுதுங்க அண்ணாச்சி.”

காஸ்பர் எழுதினார். ஐ ஹேவ் பீன் ஸ்டேயிங் அவே ஃபிரம் டிரிங்க் ஃபார் ஒன் இயர். முதல் தடவையாக ஒரு எழுத்தும் பிசகவில்லை. எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுபைதா டஸ்டரை எடுத்தாள். கடைசி மூன்று வார்த்தைகளை, ‘ஃபார் ஒன் இயர்’ என்பதை மட்டும் அழித்தாள்.

“இன்னைக்குக் காலையிலிருந்து குடிச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப அந்த இடத்துல அதை எழுதுங்க.”

காஸ்பர் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழுதினார். சின்ஸ் திஸ் மார்னிங்.

“முன்னாடி இருக்கிற வினையை மாத்த வேண்டாமா டீச்சர்?”

“வேண்டாம்.”

“ஒரு வருஷத்துக்கும் இதேதானா? ஒரு காலைக்கும் இதேதானா?”

“இதேதான்.”

காஸ்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுபைதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் வகுப்புக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

அடுத்த வாரம் நேர்காணல் நடந்தது. அது முடிந்த கையோடு காஸ்பர் நேராக மாடியேறி வந்தார்.

“என்ன கேட்டாங்க?”

“சமையல் எல்லாம் கேட்டார். நல்லாத்தான் சொன்னேன். கடைசியா குடியைப் பத்திக் கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“ஐ ஹேவ் பீன் ஸ்டேயிங் அவே சின்ஸ் லாஸ்ட் வென்ஸ்டே.”

சுபைதா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கேப்டன் ஏதோ எழுதிக்கிட்டார் டீச்சர். அப்புறம் சொன்னார், இந்தக் கப்பலுக்கு உன்னை எடுக்க முடியாது. ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடுறேன். இதே கேள்வியைத்தான் கேப்பேன்னார்.”

“வீட்டுல சொன்னீங்களா?”

“வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னேன். ஒரு வருஷம்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரே சத்தம். அப்புறம் அவளே கேக்கா, ராத்திரிக்கு என்ன வைக்கட்டும்னு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆறு மாசம் கழிச்சும் இதையேதான் சொல்லணும். அதுக்குப் பிறகும் இதையேதான். இந்த வாக்கியத்துக்கு முடிவே கிடையாதா டீச்சர்?”

“உண்டு. ‘ஹேட் பீன்’னு ஒண்ணு இருக்கு. ரொம்ப காலமா நடந்து வந்து, ஒரு இடத்துல நின்னுபோனதைச் சொல்றதுக்கு.”

“அதை நான் எப்ப சொல்லலாம்?”

“நீங்க சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. உங்களை அடக்கம் பண்ண வர்றவங்க சொல்லட்டும்.”